பூனை தூங்கும் வண்டி

எங்கள் வண்டியில் பூனை தூங்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூனை என்றால் நாலு கால் பூனை இல்லை, என் அக்காவின் ஆள். எந்தப் பூட்டையும் ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுகிற, தண்ணீரைக் கண்டால் மட்டும் நடுங்குகிற ஒரு திருடி. அக்கா வேலைக்காக வெளிநாடு போன வாரம் அவளைத் தூக்கி, போர்வை போர்த்தி, வண்டியில் படுக்க வைத்தோம். இன்னும் எழுந்திருக்கவில்லை.

புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். இதில் பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பவரும் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்த வேண்டும், அது நான். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு நடமாட வேண்டும். எதிரே ஒரு கதவு, உள்ளே யாரோ குறட்டை விடுகிறார்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்பேன். உதைக்கிறேன் என்பார் ஒருவர், தட்டிப் பார்ப்போம் என்பார் இன்னொருவர். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும், எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். அம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் "உட்கார்ந்த இடத்தில் ஊர் சுற்றுவது". பெயர் சரியாகத்தான் இருக்கிறது, அதனால் நான் சண்டைக்குப் போவதில்லை.

விளையாட்டை உண்டாக்கியது அக்காவும் நானும். விதிகள் அவளுடையவை, வரைபடங்கள் என்னுடையவை. அவளுக்குக் குளிக்கும்போதுதான் யோசனை வரும். குளியலறைக் கதவை ஒரு விரல் திறந்து, தலையில் நுரையோடு புது விதியைக் கத்துவாள், நான் வெளியே நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். கதை நடத்துபவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நடந்துவிட்டது, திரும்ப வாங்க முடியாது என்பது அப்படி வந்த விதி. ஒருத்தருடைய ஆளுக்கு இன்னொருத்தர் பகடை உருட்டக்கூடாது என்பதும் அப்படித்தான். வண்டி பிற்பாடு வந்தது. என் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி மாறி மாறி வரும், பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டாள். அவளுக்காக அக்கா போட்ட விதி இது: வராதவரின் ஆள் வண்டியில் தூங்குவார், அவரை விட்டுவிட்டு யாரும் போகக்கூடாது. வண்டி இழுக்க ஒரு கோவேறு கழுதையும் வாங்கினோம். சொன்ன பேச்சுக் கேட்காது என்பதால் அக்கா அதற்கு மாமா என்று பெயர் வைத்தாள். எங்கள் நிஜ மாமாவுக்கு இது தெரியாது.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போனது இரண்டு வருஷ ஒப்பந்தத்தில். அது முடிந்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் நீட்டிச்சிருக்காங்க" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம். அம்மாவோடுதான் நிறையப் பேசுவாள். போன் என் கைக்கு வரும்போது சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஆனால் புதிதாக ஒரு வரைபடம் போட்டால் அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பாமல் இருந்ததில்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். அந்தக் கட்டைவிரலுக்காக நான் நாள் முழுக்கப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை எல்லாம் இங்கே சொன்னால் மானம் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் டிரைவர். நல்ல மனிதர், வந்த உடனே செருப்பை ஓரமாக வைத்துவிட்டுக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது அக்கா சேர்" என்றேன்.

"தெரியும்டி" என்றாள் நர்ஸ். "மத்த சேர்ல எல்லாம் ஆள் இருக்கு, அவர் என்ன நின்னுக்கிட்டா விளையாடுவாரு?"

மூன்றாவது ஆள் தச்சர். நான் வேலை செய்யும் இன்ஜினியர் ஆபீஸில் நாங்கள் வரைகிற வீட்டு பிளான்களுக்குக் கதவு ஜன்னல் செய்து தருபவர். என்னைவிட வயதில் மூத்தவர், இருந்தாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதை இல்லை, நக்கல்.

புது ஆளுக்கு இதுவரை நடந்த கதையைச் சொல்ல வேண்டும் அல்லவா, பழைய வரைபடங்களை எல்லாம் மேசையில் விரித்தேன். உப்பு நகரத்தை நோக்கிப் போகிறோம், இன்னும் போய்ச் சேரவில்லை, வழியில் இன்னின்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். டிரைவர் கவனமாகக் கேட்டார்.

"வண்டியில யாரு படுத்திருக்காங்க?"

சொன்னேன்.

"ரெண்டு வருஷமாவா? சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது தம்பி" என்றார் தச்சர். "கேட்டா மேடம் நம்ம தலையில பாறைய உருட்டிடுவாங்க."

டிரைவர் சிரித்தபடி வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பாராட்டுகிற நினைப்பில்தான் சொன்னார். "ரோடெல்லாம் நல்லா போட்டிருக்கீங்க. குகைக்குள்ளகூட வண்டி திரும்பறதுக்கு இடம் விட்டிருக்கீங்களே. எங்க டிப்போவுலகூட இப்படிக் கிடையாது."

தச்சர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடி மாட்டினால் எனக்குப் பிடிக்காது, எங்கள் ஆபீஸ் பிளானில் தப்பு கண்டுபிடிக்கும்போதும் இப்படித்தான் மாட்டுவார்.

"நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் மேடம். குகைக்கு யாராவது ஆறடி அகலத்துக்கு வாசல் வைப்பாங்களா? சுரங்கமும் ஆறடி. இந்தக் கோபுரத்தப் பாருங்க, ஒரு படிக்கட்டு கிடையாது, கீழ இருந்து உச்சி வரைக்கும் சரிவுப் பாதை. எந்த ராஜா இப்படிக் கட்டினான்?"

நர்ஸ் தன் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "எங்களுக்கு முன்னாடியே தெரியும்டி. சொல்லல, அவ்வளவுதான்."

என் முகம் சிவந்திருக்க வேண்டும். ஆபீஸில் படுக்கையறைக் கதவு மூன்றடி, குளியலறைக்கு இரண்டரை அடி என்று நாளெல்லாம் அங்குலம் பார்த்து வரைகிறவள் நான். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தால் கை முதலில் வண்டியைத்தான் வரையும், அதைச் சுற்றித்தான் சுவரே வரும். அது மட்டும் இல்லை. அறைக்கு அறை ஒரு பூட்டு வைத்திருந்தேன், பூனையால் மட்டும் திறக்க முடிகிற பூட்டுகள். நர்ஸ் கோடாலியால் உடைத்துக்கொண்டு போய்விடுவாள், ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வரும். இத்தனை பூட்டைப் பார்த்தால் பூனை எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன் போல. அக்கா வேண்டும், அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வரைபடத்தில் டீயைச் சிந்த வேண்டும்.

இதை அழகாக ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"சரி, கேட்டுக்கோங்க" என்றேன். "பாதை முடியுது. கீழ பெரிய பள்ளம், அடியில ஆறு. உப்பு நகரத்துக்கு வேற வழி இல்ல. குறுக்க ஒரு கயித்துப் பாலம், ஒரே ஒரு பலகை அகலம். ஆள் போகலாம். வண்டி போகாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வார்த்தை வெளியே வந்துவிட்டது. அக்காவின் விதிப்படி அந்தப் பாலம் இனிமேல் அங்கே இருக்கிறது. திரும்ப வாங்க முடியாது.

தச்சர் விடவில்லை. "பக்கத்துல மரம் ஏதாவது இருக்கா?"

"புல்லுதான்."

"அப்ப வண்டியப் பிரிச்சுத் துண்டு துண்டா எடுத்துட்டுப் போவோம். அந்தப் பக்கம் போய் நான் பூட்டித் தரேன். அது ஒரு விஷயமே இல்ல."

"பூனைய?" என்றார் டிரைவர். புது ஆளுக்கு அவள்மேல் அதற்குள் அக்கறை வந்துவிட்டது.

"முதுகுல கட்டித் தூக்கிக்கலாம்" என்றாள் நர்ஸ். பிறகு அவளே என்னைப் பார்த்தாள். ஆடுகிற பாலத்தில் தூக்கிக்கொண்டு போனால் முதுகில் இருப்பவளும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தாளா இல்லையா என்று பகடை உருட்ட வேண்டும். பூனைக்குப் பகடை உருட்ட ஒருத்திக்குத்தான் உரிமை.

"போன் பண்ணு."

"அவ வேலையில இருப்பா."

"அவளுக்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்டி."

நான் அசையவில்லை. நர்ஸ் தன் போனிலேயே கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசை நடுவில் வைத்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எடுத்தவள் குரலில் தூக்கம் இருந்தது.

"என்ன இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஏதாவது…"

"அம்மா நல்லா இருக்காங்க" என்றேன் அவசரமாக. "பூனைக்கு ஒரு பகடை உருட்டணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எந்தப் பூனை என்று கேட்கப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் நான் என்ன செய்யப்போகிறேன் என்று போனை அணைக்கக் கையை நீட்டினேன்.

அக்கா சிரித்தாள். "அவ இன்னுமா தூங்கறா?"

"உன்னோட விதிதானே."

"சரி சரி. நான் எங்க இருக்கேன், சொல்லு."

நான் எங்க இருக்கேன் என்று அவள் கேட்டதும் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். பள்ளத்தைச் சொன்னேன், ஈரத்தில் கறுத்துப்போன கயிற்றைச் சொன்னேன், கீழே ஆறு போகிற சத்தத்தையும் கழுதை மாமா காதை மடக்கிக்கொண்டு அடம்பிடிப்பதையும் சொன்னேன். இரண்டு வருஷமாக நான் இப்படிக் கதை சொல்லவில்லை. தச்சர்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பாலம் எவ்வளவு அகலம்?" என்றாள் அக்கா.

"ஒரு பலகை."

"நீயா வரைஞ்சே?"

"ஆமா."

"நீ அனுப்பின படத்தையெல்லாம் பாத்துக்கிட்டுத்தாண்டி இருக்கேன். ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பாப்பேன். எல்லாத்துலயும் வண்டிக்கு இடம் விட்டிருப்பே. அதப் பாத்துட்டு என்ன எழுதறதுன்னே எனக்குத் தெரியாது."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூனை எந்திரிக்கறா" என்றாள் அக்கா. குரல் மாறிவிட்டது. கரகரப்பாக, பாதி வாயால் பேசும் அந்தத் திருடியின் குரல். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போர்வைய மடிச்சு வச்சுட்டு வண்டியில இருந்து இறங்கறா. கீழ தண்ணியப் பாத்து ஒரு அடி பின்னால வைக்கறா. அப்புறம் பாலத்துக்குக் கட்டியிருக்கற கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறா, நீங்க எல்லாரும் தாண்டற வரைக்கும் ஆடாம."

கதை நடத்துபவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதுநாள் வரை அவளிடம் நான் கேட்காமல் இருந்ததும் அதுதான்.

"அப்புறம் என்ன பண்றா?"

"அப்புறம் இந்தப் பக்கமே இருந்துக்கறா." திருடியின் குரல் நடுவிலேயே கரைந்து அக்காவின் குரல் வந்தது. "இங்க ஒரு வீடு பாத்திருக்கா. சின்னதுதான். போன வாரம் சாவி குடுத்தாங்க. வேலையும் நிரந்தரமாயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டேன், உங்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நல்லவர்கள். அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நான் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

"கயித்தப் பிடிக்கறதுக்குப் பகடை உருட்டணும்."

"இரு." டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ பலகைமேல் அது உருண்டு போய் எதிலோ முட்டி நின்றது. இங்கிருந்து போகும்போது அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"பதினேழு."

"நாங்க பாக்காத பகடை…" என்று நான் ஆரம்பித்தேன்.

"செல்லும் மேடம்" என்றார் தச்சர். "செல்லும்."

பாலம் ஆடவில்லை என்று சொன்னேன். தச்சர் முதலில் தாண்டினார். நர்ஸ் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். வண்டி பூனையோடு நின்றுவிட்டது, தனக்கு நைட் டூட்டி வந்தால் எதில் தூங்குவது என்று அவள் கேட்க, அந்தப் பக்கம் போய்ப் புது வண்டி செய்து தருவதாகத் தச்சர் வாக்குக் கொடுத்தார்.

"மாமாவ நான் வச்சுக்கறேன்" என்றாள் அக்கா. "தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

"அவன் பேச்சுக் கேக்கமாட்டான்."

"தெரியும்."

பாலம் முடிந்தது. நான் பென்சிலை எடுத்து, நாங்கள் தாண்டி வந்த பக்கத்தில், பூனையும் மாமாவும் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நாலு சுவர் போட்டேன். வாசல் போடும் இடத்தில் கை நின்றது.

"உன் வீட்டு வாசல் எத்தனை அடி அகலம்?"

"எதுக்குடி?"

"வரையணும்."

அவள் எழுந்து போகும் சத்தம் கேட்டது. அளக்கத்தான் போயிருக்கிறாள், டேப் இருந்ததோ கையால் அளந்தாளோ தெரியவில்லை. திரும்பி வந்து மூன்றடி என்றாள். மூன்றடி என்று எழுதினேன். வண்டி போகாது. ஒரு ஆள் தாராளமாகப் போகலாம்.