ஐநூறு ரூபாய்க்கு பிரீமியம்

என் மனைவி ஏஸ்தெல்லின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, உப்பளம் கல்லறைக்குப் போக வண்டியை எடுத்தேன். அவள் போனதிலிருந்து அதைத் தொடவில்லை. மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. டீசல் முள் சிவப்பில் படுத்திருந்தது.

இந்த முப்பது நாளில் நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பிரான்ஸிலிருந்து வந்த எங்கள் மகள் ஏலோதி சவப்பெட்டி மேல் விழுந்து அழுதபோது, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது அவள், "ஒரு வாட்டி அழுதுடுங்கப்பா," என்றாள், மாத்திரை போடச் சொல்வதுபோல. சரி என்றேன். காப்பி குடித்தால் சூடு தெரிகிறது, ருசி தெரியவில்லை. இதில் அழுகை எங்கிருந்து வரும்?

ஒரே ஒரு காரியம் மட்டும் முடிவு செய்து வைத்திருந்தேன். இன்று வண்டிக்குச் சாதா டீசல் போடுவது. போட்டுவிட்டுக் கல்லறையில் போய், "நீதான் ஜெயிச்ச, ஏஸ்தெல், சாதா போட்டுட்டேன்," என்று அவளிடம் சொல்வது. நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் அவளுக்கு எதிலும் விட்டுக்கொடுத்ததில்லை. இது ஒன்றையாவது கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தது. கொடுத்தால் ஒருவேளை நெஞ்சுக்குள் ஏதாவது அசையும் என்றும் நினைத்தேன்.

எங்களுடையது சின்ன வண்டி, மாருதி ஜென் டீசல். ஆனால் அதற்குள் இருப்பது பெஜோ எஞ்சின். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவன் நான். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து மூன்றில், உழவர்கரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் சாதாவோடு பிரீமியம் டீசலும் வந்தது. லிட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கூட. நம் எஞ்சினுக்கு இனி இதுதான் என்றேன்.

"எஞ்சின் பொறந்த ஊரப் பாத்தா டீசல் போடுவாங்க? உங்களுக்குந்தான் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. பழைய சோறு போட்டா ஓடலியா?" என்று சிரித்தாள் ஏஸ்தெல். சின்ன வண்டிக்குச் சாதாவே போதும் என்று மெக்கானிக் இராமதாஸ் சொன்னதையும் சாட்சிக்கு இழுத்தாள்.

"இராமதாஸ் ராணுவத்துல இருந்தானா?" என்று கேட்டேன். என் வாதமெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

பங்கில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. எனக்கு முழங்கால் தகராறு, இறங்க மாட்டேன். மூடியைத் திறக்கும் லிவரை இழுத்துவிட்டு, சன்னல் வழியே, "பிரீமியம், ஐநூறு ரூபாய்க்கு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். டேங்க் மூடி இடது பக்கம், அதாவது அவள் பக்கம். அவள்தான் இறங்கிப்போய் மீட்டரில் ஜீரோ பார்ப்பாள். ஜீரோ பார்க்காமல் டீசல் போட்டுக்கொள்கிறவன் ஏமாளி என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை லிட்டர் வந்தது என்று மட்டும் நான் கேட்டதே கிடையாது. ஐநூறு என்றால் ஐநூறு.

முதல் இரண்டு தடவை பிரீமியம் போட்டதில் வண்டி முன்பைவிடக் குறைவாகத்தான் ஓடியது. ஏஸ்தெல் என்னைப் பார்த்தாள். "எஞ்சின் பழக வேணாமா?" என்றேன். மூன்றாவது தடவை பழகிவிட்டது. அதே ஐநூறுக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் கூட ஓடியது. அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பிட வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னேன். எஞ்சின் சத்தம்கூடக் குறைந்துவிட்டது என்று என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பேச்சு எடுத்தாலே ஏஸ்தெல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தோற்றவள் வேறென்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று பங்கில் வழக்கம்போல விழுப்புரத்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வரி குறைவு என்பதால் நம் ஊரில் டீசல் மலிவு. என் முறை வந்ததும் லிவரை இழுத்தேன். இடது பக்கக் கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகுதான் நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

டீசல் போடுகிற கலியமூர்த்தி எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். பிரெஞ்சு முறையில் என்னை முசே என்றும் அவளை மதாம் என்றும்தான் கூப்பிடுவார். "போஸ்டர்ல மதாம் படத்தப் பாத்தேன் முசே. மனசே ஆறல," என்றார்.

"ஆமாம்பா," என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். "சாதா போடு. ஐநூறுக்கு."

குழாயை எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்ப, மதாம் உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"எதை?"

அவர் பின்னால் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு வருசமா சாதாதான் முசே போடறேன். நீங்க உள்ளேர்ந்து பிரீமியம்னுவீங்க. மதாம் எறங்கி வந்து இந்தக் குழாயக் காட்டுவாங்க. ஆனா ஐநூறுக்கு என்ன வரணுமோ அது வந்திருக்கு. ஒரு சொட்டு கொறைக்கல முசே."

"அது தெரியும். என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. 'தான் சொன்னது பலிச்சிடுச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோசம் கலியமூர்த்தி. அத ஏன் கெடுக்கணும்'னாங்க."

முதலில் கோபம்தான் வந்தது. முப்பது நாளில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது. கூட ஓடிய அந்த இருபது கிலோமீட்டர், விலை குறைந்த டீசல் ஒரு லிட்டர் கூட வந்ததால் ஓடியது. எஞ்சின் எதற்கும் பழகவில்லை. நான் விருந்தாளிகளிடம் அளந்ததையெல்லாம் அவள் உள்ளே தட்டு கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறாள். சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு வெளியே வந்து எனக்கு மோர் ஊற்றியிருப்பாள்.

விட்டுக்கொடுக்க வந்தேன். என்னிடம் கொடுக்க எதுவுமே இல்லை. அவள் என்றைக்கோ ஜெயித்துவிட்டு, அந்த வெற்றியையும் என் கையிலேயே கொடுத்து வைத்திருந்தாள்.

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. "என்ன போடட்டும் முசே?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

நான் திரும்ப வண்டியைச் சுற்றி வந்து, என் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சன்னல் வழியே தலையை நீட்டினேன்.

"பிரீமியம். ஐநூறு ரூபாய்க்கு."

"சரிங்க முசே," என்றார். குழாயை எடுக்கிற சத்தம் கேட்டது. எந்தக் குழாய் என்று கண்ணாடியில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"ஜீரோ பாத்துக்குங்க மதாம்," என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். விழுப்புரத்துக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லறையில் சொல்ல வேண்டியதை மாற்றிக்கொண்டேன். "பிரீமியம்தான் போட்டேன் ஏஸ்தெல், வண்டி என்னமா ஓடுது பாத்தியா," என்று சொல்லப்போகிறேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும்.