கோயம்புத்தூரில் இழுத்த கை

என் மகள் பிரீத்திகாவுக்கு ஒரு பாட்டுக் குழு மேல் பைத்தியம். நாலு பையன்கள், ஒரு பெண். சென்னைக்கு வருவார்கள், பெங்களூருக்கு வருவார்கள், கோயம்புத்தூர் வரைக்கும் வருவார்கள். மதுரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர் சிவகாசியை அவர்கள் பட்டாசுப் பெட்டியில்தான் பார்த்திருப்பார்கள்.

காலண்டர் பிரஸ்ஸில் ஓவர்டைம் பார்த்து அவளே ரெண்டு டிக்கெட் எடுத்தாள். "தனியா விடமாட்டீகள்ல, நீங்களும் வாங்க" என்றாள். நான் பட்டாசுக் கம்பெனியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடவே பஸ் ஏறினேன்.

மைதானத்து வாசலில் கையில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: வெளியே சென்றால் மீண்டும் அனுமதி இல்லை.

"என்னப்பா, பரீட்சைக்கா படிக்கீக? வாங்க" என்று சிரித்துக்கொண்டே கூட்டிப் போனாள்.

நாலு மணி நேரம் நின்றோம். பொழுது சாயும்போது குழு மேடைக்கு வந்தது. பிரீத்திகா போனைத் தூக்கிப் பிடித்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் மேடை ஓரத்தில் நாலு இடத்தில் படபடவென்று வெடித்துப் புகை எழுந்தது.

கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர் உட்கார்ந்து வெடிமருந்து அடைப்போம். சத்தம் கேட்டால் யோசிக்கக் கூடாது. பக்கத்து ஆளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடணும். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளி ஓடினேன். கேட்டுக்கு வெளியே வந்துதான் நின்றேன். உள்ளே எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேட் காவலரிடம் கெஞ்சினேன். "பிள்ளையை மட்டும் விடுங்க சார். நான் இங்கனயே நிக்கேன்."

"போர்டைப் பாக்கலையா அண்ணே?"

படித்திருந்தேனே.

எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனில் எடுத்த வீடியோவைப் போட்டாள். ரெண்டு வரி பாட்டு, வெடி, புகை, அப்புறம் என் குரல்: "காளீஸ்வரா, எந்திரிலே!"

காளீஸ்வரன் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ரூம் வெடித்ததில் போய்விட்டான்.

"காளீஸ்வரன் மாமாவை இப்படித்தான் இழுத்தீகளாப்பா? கை நழுவிருச்சுன்னு சொல்லுவீகளே."

ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவன் மனைவி அழகுமீனா அதை நம்பித்தான் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்குக் கரும்பு கொடுத்துவிடுகிறாள்.

"இல்ல தாயி. அன்னைக்கு நான் தனியாத்தான் ஓடுனேன். அவன் கையைத் தொடவே இல்ல."

உள்ளே அவளுக்குப் பிடித்த பாட்டு போலிருக்கிறது. கூட்டமே சேர்ந்து பாடியது. அது முடிகிற வரைக்கும் குனிந்தே இருந்தாள்.

"இவங்க அடுத்த வருஷமும் கோயம்புத்தூருக்கு வருவாங்க. நீங்க அழகுமீனா அத்தைகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். ஊர் வந்து நாலு நாளாயிற்று. கம்பெனி வேன் தினமும் காலையில் அழகுமீனா வீட்டு முன்னால் நின்றுதான் ஆள் ஏற்றுகிறது. நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.