உப்பு ஜாடி

உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை அவள் இரண்டாவது தடவையாகத் தொட்டியில் வடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் பின்னால் வந்து நின்றாள்.

“அதான் டாக்டரே சொல்லிட்டாரே அண்ணி, இனிமே என்ன வேணாலும் குடுக்கலாம்னு. இன்னும் எதுக்கு வடிச்சு வடிச்சு ஊத்துறீங்க?”

“கை பழகிப்போச்சு,” என்றாள் அவள்.

கை பழகியதாவது ஒன்றாவது. கோபம். அன்று காலையில் அந்த டாக்டர், “இனிமே மெஷின்ல போட்டா பிரஷர் எறங்கிடும், இதயம் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசப்பட்டதக் குடுங்க,” என்று சொன்னபோது, புருஷன் சாகப் போகிறார் என்பதற்கு முன்னால் வேறொன்றுதான் அவளுக்கு உறைத்தது. தன் கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு வருஷமாக அவள் ஆண்டுவந்த ராஜ்ஜியம் அது.

அதற்கு முன்னால் இருந்தது அவருடைய ராஜ்ஜியம். கட்டட வேலையில் ஊர்ப்பட்ட ஆட்களை மேய்த்தவர். வீட்டிலும் எல்லோருக்கும் மேஸ்திரிதான். அவள் ஒரு அலுவலக கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தட்டை வழித்துத் தின்றுவிட்டு, “அக்கா, உங்க கையே தனி,” என்பார்கள். வீட்டுக்கு வந்தால், முதல் வாய் உள்ளே போனதும் மேஸ்திரி புறங்கையால் தட்டைத் தள்ளுவார். “உப்பில்ல.” இருந்தாலும் இல்லைதான்.

ஒருநாள் அவளுடைய அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றும் தட்டு நகர்ந்தது. “உங்க வீட்ல சோத்துல உப்புப் போட்டுத் தின்னிருந்தாத்தான இவளுக்குத் தெரியும்,” என்று சொல்லிச் சிரித்தார். அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. அவன் செத்த சேதிதான் வந்தது. இதற்கு ஒருநாள் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் கறுவிக்கொண்டாள். எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வழியை ஆஸ்பத்திரியே காட்டிக்கொடுத்தது. மேஸ்திரிக்குக் கால் வீங்கி, முகம் ஊதி, படி ஏறினால் மூச்சு வாங்கியது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகத்தையும் அரித்துவிட்டன, இனி வாரத்துக்கு மூன்று தரம் மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாமாம். அவர் எங்கே வந்தார், மருந்துக்கடைக்காரனிடம் கால் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பெண் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். “உப்பு சேந்தா ஒடம்புல தண்ணி தங்கும். தண்ணி தங்குனா நுரையீரல் ரொம்பிடும். குடிக்கிற தண்ணியும் அளந்துதான். காய வேகவச்சுத் தண்ணிய வடிச்சுடுங்க. உப்பக் கண்ணுலயே காட்டாதீங்கம்மா.”

அவள் காதில் தேன் பாய்ந்தது. புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டாள்.

மேஸ்திரி சும்மா விடவில்லை. கத்தினார், தட்டை வீசினார், கோபித்துக்கொண்டு ஓட்டலில் போய் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டார். மூச்சுத் திணறி நுரை தள்ளி, ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்துவந்தார். அதற்குப்பின் அவளுடைய தட்டைவிட்டால் அவருக்குக் கதியில்லை. அவள் உப்பு ஜாடியை ஒளித்துவைக்கவில்லை. மேசையில் அவருக்கு எதிரே, மூடியைத் திறந்தே வைத்தாள். தனக்கு வெள்ளரிக்காய் நறுக்கி, உப்பைத் தூவி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நறுக் நறுக்கென்று கடிப்பாள். அவர் முதல் வாயை விழுங்கிவிட்டு, “உப்பில்ல,” என்பார். “ஆமா, இல்ல,” என்பாள் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் தின்று முடிப்பார்.

அவருக்கு அப்புறம் மெஷினுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். மேஸ்திரி கிடந்தார். “இந்தம்மா மாதிரி பாத்துக்கணும்,” என்று நர்ஸுகள் மற்றவர்களுக்கு அவளைக் காட்டினார்கள். அவரை உயிரோடு வைத்திருந்தது அன்பல்ல என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இப்போது மசித்த கிழங்கைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மேஸ்திரி கண்ணைத் திறந்தார். அரிப்பில் சொறிந்து சொறிந்து கையெல்லாம் கோடு கோடாக இருந்தது.

“டாக்டர் சொன்னாருல்ல,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “உப்பு போட்டு எடுத்துட்டு வா.”

“போடுறேன். என் சமையல் நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒரு தரம்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் போயிற்று. சாயங்காலம் நாத்தனார் அழுது பார்த்தாள். “வெறும் வயித்தோட அனுப்பாதீங்க அண்ணி. பாவம் இல்லையா?”

பாவமாவது புண்ணியமாவது. ஆனால் அவளுக்கு ஒரு கணக்கு இடித்தது. உப்பில்லாமல் கொடுத்து அவர் போய்ச்சேர்ந்தால், அவர் சொல்லிவந்த ஒற்றைச் சொல் கடைசியில் நிஜமாகிவிடும். அதை மட்டும் அவள் விடுவதாக இல்லை. புதிதாகக் கிழங்கு வேகவைத்தாள். வெண்ணெயை உருக்கினாள், மிளகு தட்டிப் போட்டாள். ஜாடிக்குள் கையை விட்டு, கேன்டீனில் போடுகிற மாதிரி கண்ணளவில் உப்பைப் போட்டுப் பிசைந்தாள். வாசனைக்கு நாத்தனாரே எட்டிப்பார்த்தாள்.

ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். மேஸ்திரி வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். விழுங்கினார். பிறகு எங்கிருந்து பலம் வந்ததோ, புறங்கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

“உப்பில்ல.”

தெருவில் விளக்குப் போட்ட நேரத்தில் மூச்சு நின்றது. அவள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஜெயித்துவிட்டுப் போய்விட்டானே பாவி என்றுதான் வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, டயாலிசிஸ் மெஷின் பார்க்கிற பையன் வந்தான். ஆறு வருஷமாக மேஸ்திரியின் கையில் ஊசி ஏற்றியவன். வாடகை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“சாப்ட்டாரா கடைசியில?”

“ஒரு வாய். உப்பில்லன்னுட்டாரு.”

“அது அப்படித்தாம்மா. நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டே இருப்பாரு. எதத் தின்னாலும் துருப்புடிச்ச இரும்ப நக்குற மாதிரிதான் இருக்காம். இந்த வியாதில நெறையப் பேருக்கு வரும்.”

“எப்பருந்து?”

“வந்த மறுவருஷமே சொல்லிட்டாரே. உப்பு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னு. உங்ககிட்ட சொல்லலியா? நான்தான் ஒருதரம் சொல்றேன்னேன். ‘அவகிட்ட சொல்லிடாதடா, அவளுக்கு இருக்குற ஒரே சந்தோஷம் அதான்’னு சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

அவள் வாசல்வரை போய் அவனை அனுப்பிவிட்டு வந்தாள்.

நாத்தனார் சமையலறையில் நின்றபடியே நேற்றைய கிழங்கை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். “உப்பெல்லாம் கணக்காத்தான் இருக்கு அண்ணி,” என்றாள் மெதுவாக.

அவள் கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கழுவினாள். வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கினாள். மேசைக்குப் போய், அவருடைய நாற்காலிக்கு எதிரே வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஜாடி திறந்தே இருந்தது. உப்பைத் தூவி, நாற்காலியைப் பார்த்தபடி ஒரு துண்டைக் கடித்தாள்.

நன்றாகச் சத்தம் கேட்கும்படி மென்றாள்.