கரும்பாறையில் இன்னொரு நெருப்பு

எதிரே கடல் இருக்கிறதென்பது சத்தத்தில்தான் தெரிந்தது. மார்கழிப் பனி அப்படி மூடியிருந்தது. நெம்மேலிக்குத் தெற்கே, விடிந்தும் விடியாத கரையில், ஆதியம்மாள் பனையோலை கொளுத்தி நின்றாள்.

அங்கே நெடுகத் தண்ணீருக்குள் பாறை. கட்டுமரம் நுழைய ஒரே இடுக்குதான். பனி மூடினால் அந்த இடுக்குக்கு நேரே நெருப்பு எரியும். கரையில் வேறெங்கும் யாரும் தீ மூட்ட மாட்டார்கள். கடலில் இருப்பவன் வெளிச்சத்தைப் பார்த்து வருவான். அன்றைக்குக் கடலில் இருந்தது அவள் புருஷன் சிங்காரம்.

ராஜேந்திரன் செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். காலண்டருக்குப் பனிக்கடல் படம் எடுக்க வந்திருந்தான். நெருப்போடு வடக்கே கரும்பாறைக்கு வந்து நிற்கச் சொன்னான். முடியாது என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மீன்காரிக்கு இவ்வளவு திமிரா என்றுதான் கேட்டான்.

“வந்த வழியே போய்டு. என் நெருப்பு இங்கதான் இருக்கும்,” என்றாள்.

அவன் போய்விட்டான். சற்று நேரம் கழித்துத்தான் ஓலைக் குவியலில் ஒரு கட்டு குறைந்திருப்பதைக் கண்டாள். நிமிர்ந்தால், கரும்பாறை மேல் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

கடலிலிருந்து சிங்காரம் குரல் கொடுத்தான். குரல் வடக்கே கேட்டது. கூட வந்திருந்த பக்கத்து வீட்டு வேண்டாவிடம் நெருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

படத்துக்குள் வராதே என்று ராஜேந்திரன் கத்தினான். அவள் எரியும் ஓலைக்கட்டை ஒரே உதையில் தண்ணீருக்குள் தள்ளினாள். அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். கடித்தாள். அப்போதுதான் பாறையில் மரம் மோதிப் பிளக்கும் சத்தம் கேட்டது.

அதுவரை புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், சொல்லிக் கூப்பிட்டாள். பனிக்குள் யாரோ இருமினார்கள்.

ஒற்றைக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி சிங்காரம் கரை ஒதுங்கினான். நெற்றியெல்லாம் ரத்தம். வலை பாறையில் சிக்கிக்கொண்டது என்றான். எந்த நாய் நெருப்பு வைத்தது என்று கேட்டான்.

ஆதியம்மாள் கைகாட்டவில்லை. இழுபறியில் மணலில் விழுந்து கிடந்த காமிராவை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“வலை அங்க மாட்டிகினு கீது. நீயே போய் எடுத்துகினு வா. அதுவரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்.”

நீச்சல் தெரியாது என்றான் ராஜேந்திரன். போலீசுக்குப் போவேன் என்றும் சொன்னான். சிங்காரம் கரை ஒதுங்கிய கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை அவன் மேல் வீசினான்.

“இடுப்புல கட்டிக்க. செத்தா இழுத்துக்கறோம்.”

பெல்பாட்டம் நனைய அவன் இறங்கினான். நாலு எட்டில் ஆளைக் காணோம். கயிறு மட்டும் மணலில் ஊர்ந்து போயிற்று.

தெற்கேயிருந்து வேண்டாவின் குரல் வந்தது. உன் ஆள்தான் கரையேறிட்டாரே, இன்னும் ஓலை போடணுமா என்று கேட்டாள்.

ஆதியம்மாள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கடலில் இருந்தது ராஜேந்திரன். பதில் சொல்ல அவசரப்படவில்லை.