பதினேழாம் எல்லைக்கல்

பனிக்கட்டி உடைந்து கலங்கிப் பெருகிய டெனாக்கா ஆறு கரையோர நெட்டை மரங்களின் அடியை நனைத்துக்கொண்டு செல்ல, உழவுக்குக் காத்திருந்த கரிய வயல்கள் கண்ணெட்டும் தொலைவுவரை ஆவி விட்டுக் கிடக்க, அவற்றின் நடுவே மேடொன்றின்மேல் வெண்கல்லால் எழுந்து நிற்கும் எங்கள் சட்டமன்ற மாளிகையின் செப்புக் குவிமாடத்தில் இளவேனில் முற்பகலின் வெயில் வந்து படிந்த வேளை அது. கூட்டத்தொடரின் இறுதி நாளும் அதுவே. கதிரவன் மறையுமுன் நிறைவேறாத சட்ட முன்வரைவு எதுவாயினும் அத்தோடு மாண்டு போகும் என்பது எங்கள் அரசமைப்பின் விதி.

மேலவையின் தலைமை இருக்கையில் எட்டாம் ஆண்டாய் அமர்ந்திருந்தவர் துணை ஆளுநர் ஆல்மா தோர்சன். மேற்கே பிளம் வெளியில் பால்பண்ணை நடத்தி, வெண்ணெய் கடைந்து காய்த்த கையோடு தலைநகருக்கு வந்தவர். நற்றமிழ் கற்றவரே, அப்பதவியைப் பற்றி எங்கள் மக்கள் பேசாத கேலி இல்லை. ஆளுநருக்குக் காய்ச்சல் உண்டா என்று காலைதோறும் விசாரிப்பதும், சந்தையில் கொழுத்த பன்றிக்குப் பரிசு நாடா கட்டுவதுமே அவர் தொழில் என்பார்கள். அவையில் அவர் வாதிடலாகாது. வாக்குகள் இருபுறமும் நிகராய் நின்றால் மட்டும் அவருக்கு ஒரு வாக்கு உண்டு. ஆளுநர் மாநில எல்லையைக் கடந்து நிற்கும் பொழுதெல்லாம் ஆட்சி இவர் கைக்கு வரும். வந்த நொடியே அவைத்தலைமையும் அந்த ஒற்றை வாக்கும் போய்விடும்.

இவ்வளவும் ஒருவருக்குப் போதிய வேலையன்று என்று கண்ட முன்னோர், ஆண்டுக்கொருமுறை நாற்பத்தொரு எல்லைக்கற்களையும் நேரில் கண்டு பதிவேட்டில் ஒப்பமிடும் கடமையையும் அவர் தலையில் கட்டினர். நூறாண்டில் வந்தவர் பலரும் அறையில் அமர்ந்தபடியே அவ்வொப்பத்தை இட்டு முடித்தார்கள். ஆல்மாவோ, அறுவடை முடிந்த கையோடு வாளியும் தேய்ப்பு நாரும் தூக்கிக்கொண்டு, காடும் சேறும் கடந்து, ஒவ்வொரு கல்லையும் பாசி போகக் கழுவித் திரும்புவார். 'கல் கழுவும் ஆல்மா' என்று அவருக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அன்று அவைமுன் வந்திருந்தது, கீழவை ஏற்கெனவே நிறைவேற்றிவிட்ட, பிளம் வெளிக்கு ஒரு மருத்துவமனை அமைக்கும் முன்வரைவு. நெஞ்சுவலியில் துடித்த கணவரை வண்டியில் கிடத்தி, எண்பது மைல் பனிவழியில் ஓட்டிச் சென்று, பாதி வழியிலேயே பறிகொடுத்தவர் ஆல்மா. இருபத்துநால்வர் வேண்டும் என்றும் இருபத்துநால்வர் வேண்டாம் என்றும் நிற்பதை அவர் விடியலிலேயே அறிந்திருந்தார். எட்டாண்டில் ஒருமுறையும் வாராத அந்த ஒற்றை வாக்கு, பதவியின் கடைசித் தொடரின் கடைசி நாளில் அவரைத் தேடி வந்திருந்தது.

ஆளுநர் ரஸ்ஸல் விட்கமும் அக்கணக்கை அறிந்திருந்தார். அவைகள் நிறைவேற்றினால் கையொப்பமிடுவேன் என்று தேர்தலில் ஊரறியச் சொன்னவர் அவர். மனத்திலோ அவருக்கு அது வேண்டாம். நிகர் வாக்கில் அது தானே விழட்டும் என்று எண்ணியவர், பதினோரு மணிக்கு எல்லை கடப்பதாக மடல் ஒன்றை அனுப்பிவிட்டுப் பாலமேறிப் போனார். அம்மடலை உரக்கப் படித்த எதிர்த்தரப்புத் தலைவர் லெஸ்டர் குவேடு, புன்னகையோடு மேடையருகே வந்தார்.

"வாழ்த்துக்கள் அம்மா. இப்போ நீங்கதான் ஆளுநர். மேல்மாடில பஞ்சு வச்ச நாற்காலி காத்திருக்கு. இந்தக் கட்ட நாற்காலிய எனக்கு விடுங்க."

"எங்க போயிருக்காரு?"

"மறுகரைக்கு. ஹில்டா கடையில கெளுத்தி மீன் சாப்பிடப் போறாராம். அவரு கை கழுவறதுக்குள்ள இங்க வேலை முடிஞ்சிரும்."

அவை சிரித்தது. ஹில்டா கடை என்றதும் ஏதோ நினைவு வந்தவராய் ஆல்மா, அவையை நடத்தும் சுத்தியலைக் கையிலிருந்து விடாமலே அவைச்செயலர் எமில் கோபெக்கை அழைத்து, எல்லைப் பதிவேட்டையும் தொலைபேசியையும் கொண்டுவரச் சொன்னார்.

"ஹில்டா, நான் ஆல்மா பேசறேன். ஆளுநர் அங்கதான் இருக்காரா?"

"சன்னலோரமா உக்காந்திருக்காரு. ரெண்டாவது தட்டு ஓடுது. கூப்பிடவா?"

"வேண்டாம், நிதானமா சாப்பிடட்டும். உன் கோழிக்கூட்டுக்குப் பின்னால இருக்கற பதினேழாம் எல்லைக்கல்லு பத்திரமா இருக்கா?"

"அறுவடையப்போ நீங்க கழுவிட்டுப் போன மாதிரியே இருக்கு. அத நகத்த எவனால முடியும்."

ஆல்மா எழுந்து நின்றார். ஆறுதான் எல்லை என்று அங்கிருந்தோர் அனைவரும் பிறந்தது முதல் நம்பியிருந்தார்கள். ஆனால் அறுபதாண்டுக்கு முன் பெருவெள்ளத்தில் ஆறு தன் படுகையை விட்டுக் கிழக்கிலிருந்து மேற்கே தாவியபோது, எல்லை பழைய படுகையிலேயே நிற்கும், ஆற்றுக்கும் அதற்கும் இடைப்பட்ட மறுகரை நிலம் எங்களுடையதே என்று உயர்வழக்குமன்றம் தீர்த்திருந்தது. அத்தீர்ப்பைப் பதிவேட்டிலிருந்து அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"எல்லைக்கு வெளிய போனாத்தான் ஆட்சி மாறும், மடல் எழுதினா மாறாது. ஆளுநர் நம்ம மண்ணுலதான் மீன் சாப்பிட்டுட்டு இருக்காரு. அதனால இந்த நாற்காலி என்னோடது."

"ஒரு கோழிக்கூடா நம்ம எல்லை?" என்றார் குவேடு.

"கூட்டுக்கு அப்பால முப்பது காலடி. நான் ஏழு தடவ நடந்து பாத்திருக்கேன். நீங்க எத்தன தடவ பாத்தீங்க?"

குவேடு கண்ணசைக்க, அவருடைய ஆள் ஒருவன் ஆளுநருக்குச் செய்தி சொல்ல வெளியே ஓடினான். அந்த முப்பது காலடியை விட்கம் நடந்துவிட்டால் எல்லாம் பாழ் என்பது ஆல்மாவுக்குத் தெரியாதா என்ன? பெயர்களை அழைக்குமாறு எமிலைப் பணித்தார். நாற்பத்தெட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றும் அவருக்கு அந்தப் பனிவழியின் ஒரு மைலாய் நீண்டது. அங்கே மறுகரையில், மார்பில் துடைதுண்டு தொங்க வெளியே பாய்ந்த ஆளுநர், எல்லை எப்பக்கம் என்று அறியாமல் கோழிகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"வேண்டும் என்போர் இருபத்துநால்வர், வேண்டாம் என்போர் இருபத்துநால்வர்" என்று படித்த எமில், தம் வாழ்நாளில் கேட்டிராத கேள்வியைக் கேட்டார். "துணை ஆளுநர் அம்மா, உங்க வாக்கு?"

"வேண்டும்" என்றார் ஆல்மா. சுத்தியல் விழுந்த ஓசை கூடமெங்கும் கேட்டது. எமில் பதிவேட்டை மூடி வைத்தார்.

ஊரறியச் சொன்ன சொல்லை விழுங்க முடியாத ஆளுநர் மறுநாள் கையொப்பமிட்டார். அவ்வாண்டு அறுவடைக்குப்பின் ஆல்மா கடைசி முறையாகக் கல் பார்க்கப் புறப்பட்டபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்தவர் லெஸ்டர் குவேடு.

பிளம் வெளியில் இன்று நெஞ்சு வலித்தவர் ஆறு மைலுக்குள் கட்டிலில் கிடத்தப்படுகிறார். அம்மருத்துவமனையின் சுவரில் ஆல்மாவின் பெயர் எங்கும் இல்லை. பதிவேட்டில் எட்டு ஒப்பங்களாக மட்டும் அது நிற்கிறது. ஆயினும், புதிய துணை ஆளுநர் ஒருவர் எங்கள் மாநிலத்தில் உறுதிமொழி ஏற்கும் நாளில், சுத்தியலைத் தருமுன் அவர் கையில் ஒரு வாளியையும் தேய்ப்பு நாரையும் தருகிறோம். அப்போது அவையில் யாரும் சிரிப்பதில்லை.