மிக்கேலுக்காக ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும் முன்பு உபதேசியார் ஒலிபெருக்கியில் கருத்துகளை வாசிப்பார். இன்னாருடைய ஆன்மா இளைப்பாற வேண்டி, இன்னாருக்கு வேலை கிடைக்க வேண்டி என்று, பூசைக்குக் கேட்டவர்களின் பெயரோடு வரும். தன் வீட்டுக் கருத்து வரும்வரைதான் யாரும் காது கொடுப்பார்கள். வளன் வீட்டில் அந்த வாரம் எந்தப் பூசையும் கேட்டிருக்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்த நிம்மதியில் அவன் பாதி கண்ணை மூடியிருந்தான்.

"மிக்கேல் அவர்கள் நலமாகத் திரும்பி வர வேண்டி, திண்டிவனம் டயானா."

வளன் கண்ணைத் திறந்தான். திண்டிவனத்தில் டயானா என்ற பெயரில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அவர்களில் யார் விழுப்புரம் கோயிலுக்கு வந்து பூசை கேட்பார்கள்? அவனுக்கு நிச்சயமான டயானா விழுப்புரத்தில்தான் கல்லூரிக்கு வந்து போகிறாள். பெண்கள் பக்கம் பார்த்தான். அம்மா இருதயசெல்வியின் முக்காடு இவன் பக்கம் திரும்பியிருந்தது.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பூசை முடிவில் பங்குச்சாமியார் அறிவிப்புத் தாளை எடுத்தார்.

"இரண்டாம் ஓலை. நம் பங்கைச் சேர்ந்த இருதயசெல்வியின் மகன் வளனும், திண்டிவனம் பங்கைச் சேர்ந்த செபஸ்தியானின் மகள் டயானாவும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இப்படி ஓலை வாசிப்பார்கள். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

வெளியே வந்ததும் அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

"யார்றா அந்த மிக்கேலு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அவங்க மாமா சித்தப்பா யாராவது இருப்பாங்க."

"மாமன் திரும்பி வர்றதுக்கு அவங்க ஊர்ல பூசை வைக்க மாட்டாங்களா? ஊரு விட்டு ஊரு வந்து வைப்பாளா? இன்னொரு ஓலைதான் பாக்கி இருக்குது வளனு. அதுக்குள்ள விசாரி. இல்ல, நானே சாமியாரைப் பாத்து நிறுத்தச் சொல்லிடுவேன். அப்பா இல்லாத வீடுன்னு யாரும் நம்ம தலையில மொளகா அரைக்கக் கூடாது."

மாலை டயானாவுக்குப் போன் செய்தான். பரீட்சை எப்படிப் போகிறது, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, "ஆமா, மிக்கேல்னு யாரு?" என்றான்.

"யாரு சொன்னா?" என்றாள் அவள்.

"கோயில்ல வாசிச்சாங்க."

"ஞாயித்துக்கிழமையா வாசிச்சாங்க? நான் புதன்கிழமை காலைப் பூசைக்குத்தானே..." பாதியில் நிறுத்திவிட்டாள். "அது தூரத்துச் சொந்தங்க. வெளிநாட்டுல இருக்காரு. நான் அப்புறம் பேசறேன், அம்மா கூப்பிடறாங்க."

அவள் அம்மா கூப்பிட்ட சத்தம் எதுவும் வளனுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் தம்பி ஸ்டீபன்ராஜுக்குப் போன் போட்டு, பத்திரிகை வைக்க யாரும் விட்டுப்போகக் கூடாது என்று வெளிநாட்டுச் சொந்தங்களை விசாரித்தான். "வெளிநாட்டுல நமக்கு யாரு மாமா இருக்காங்க? பாண்டிச்சேரியைத் தாண்டி எங்க வீட்ல யாரும் போனதே கிடையாது" என்று அவன் சிரித்தான்.

வளனால் சிரிக்க முடியவில்லை. போன மாதம் ஒருநாள் டயானாவின் குரல் அழுததுபோல இருந்தது. கேட்டதற்கு ஜலதோஷம் என்றாள். இரவு எட்டரைக்கு மேல் போனை எடுக்க மாட்டாள். தூக்கம் வருகிறது என்பாள். ஆனால் பன்னிரண்டு மணிவரை வாட்ஸ்அப்பில் இருந்திருப்பாள். அப்போதெல்லாம் படிக்கிற பெண் என்று நினைத்துப் பெருமைப்பட்டது இப்போது வேறு மாதிரி உறுத்தியது.

அவன் வேலை செய்த டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிற வேங்கடேசன் அதற்கு மேல் ஒரு கொள்ளியைச் செருகினான். நிச்சயதார்த்தத்தில் டயானாவைப் பார்த்தவன் அவன்.

"சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன் வளா. போன வியாழக்கிழமை விக்கிரவாண்டியில டீ குடிச்சிக்கினு இருந்தேன். உன் ஆளு பஸ்ஸுல இருந்து எறங்கிச்சு. டோல்கேட் தாண்டி அந்தப் பெரிய ஓட்டல் இருக்குது பாரு, அங்க போய் ஒரு பையன்கிட்ட என்னமோ குடுத்துட்டு, என்னமோ வாங்கிக்கினு, அடுத்த பஸ்ஸுல ஏறிப் போச்சு."

"எந்தப் பையன்?"

"நம்ம ஊரு பையன் இல்ல. மணிப்பூரோ மிசோரமோ. அங்க நாலைஞ்சு பேரு சப்ளை பண்றானுங்களே, அதுல ஒருத்தன். அந்தப் பக்கத்துல நெறைய பேரு உங்க மதந்தானாமே?"

மிக்கேல். வளனுக்கு எல்லாம் பொருந்தியது. ஊருக்குப் போயிருப்பான், நலமாகத் திரும்ப வேண்டுமென்று பூசை கேட்டிருப்பாள், திரும்பியும் வந்திருப்பான். அன்று முழுவதும் எந்த விவசாயிக்கு எந்த விலை சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை, காணையில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போவதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வண்டியை விக்கிரவாண்டிக்கு விட்டான். ஓட்டலில் லாரிக்காரர்கள் கூட்டம். மூலை மேசையில் உட்கார்ந்தான். காதில் சின்ன வளையம் போட்ட, மெலிந்த ஓர் இளைஞன் தண்ணீர் டம்ளரோடு வந்தான்.

"அண்ணா, பரோட்டா? தோசா?"

வளன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். தான் இவனைவிட எந்த விதத்தில் குறைந்துபோனோம் என்று யோசித்தான். யோசித்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கம் கோபமானது.

"நீதான் மிக்கேலா?"

"நானா?" அவன் பல் தெரியச் சிரித்தான். "நான் தோம்பாண்ணா. மிக்கேல் ஆர்மி போயிட்டான். ரெண்டு வருசம் வர மாட்டான்."

இவன் இல்லை, இன்னொருவன் இருக்கிறான். பட்டாளத்துக்காரன். இவன் நடுவில் கடிதம் கொண்டுபோகிறவன் போலிருக்கிறது.

"உனக்கு அவனைத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியாது? எங்க ஊர்ல எல்லாப் பொண்ணுக்கும் தெரியும்ணா. எல்லாப் பொண்ணும் அவன்மேல பைத்தியம். டயானா அக்கா ரொம்ப அழுதுச்சு. நான் சொன்னேன், அழாதக்கா, வந்துடுவான்."

ஊரில் உள்ள எல்லாப் பெண்ணும்! எப்பேர்ப்பட்ட அயோக்கியனிடம் போய் மாட்டியிருக்கிறாள்! வளன் கையில் இருந்த டம்ளரை மேசையில் குத்தியதில் தண்ணீர் தெறித்தது.

தோம்பாவின் சிரிப்பு குறைந்தது. "நீ யாருண்ணா?"

"அவளைக் கட்டிக்கப் போறவன்."

"ஐயோ! டிராக்டர் அண்ணா!" அவன் முகம் மறுபடி மலர்ந்துவிட்டது. "அக்கா சொல்லும். நல்லவரு, ரொம்ப சைலன்ட்டுன்னு சொல்லும். இருண்ணா, டீ என் கணக்கு." திரும்பி உள்ளே பார்த்து இந்தியில் ஏதோ கத்தினான்.

அந்த நேரத்தில்தான் டயானா வந்தாள். தோளில் கல்லூரிப் பை, கையில் ஹால் டிக்கெட் செருகிய பரீட்சை அட்டை. வளனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"அதை நான் கேக்கணும்."

அவள் வந்து எதிரே உட்கார்ந்து, போனை எடுத்து, எதையோ தேடி அவன் பக்கம் தள்ளினாள்.

படத்தில் மொட்டையடித்த ஓர் இளைஞன் ராணுவ உடையில் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான். அவள் விரலால் நகர்த்தினாள். அதே முகம், இப்போது ஆரஞ்சு நிறத் தலைமுடி, கண்ணில் மை, மேடை வெளிச்சம், பின்னால் கடல்போலக் கூட்டம்.

"இவருதான் மிக்கேல். கொரியாவுல பாட்டுக்காரரு. நாடகத்துலயும் நடிப்பாரு. தேரிம்னு பேரு. கத்தோலிக்கரு, ஞானஸ்நானப் பேரு மிக்கேல். அந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் பட்டாளத்துக்குப் போயே ஆவணும். இவரை எல்லையில போட்டுட்டாங்க. அங்க எப்ப வேணா சண்டை வரும்னு நெட்டுல போட்டிருந்தாங்க. பயமா இருந்துச்சு. தேரிம்னு குடுத்தா உபதேசியார் யாரு என்னன்னு கேப்பாருன்னு ஞானஸ்நானப் பேரைக் குடுத்தேன்."

வளன் போனைக் கையில் எடுத்துப் பார்த்தான். "ஒரு பாட்டுக்காரனுக்கா பூசை வச்ச?"

"ஏன், வைக்கக் கூடாதா? கிரிக்கெட்டுல ஜெயிக்கணும்னு நம்ம பசங்க மெழுகுவர்த்தி கொளுத்தறதில்ல? எங்க ஊர்ல வச்சா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். அதான் இங்க காலேஜு பக்கத்துல, புதன்கிழமை ஆறு மணிப் பூசைக்குக் கேட்டேன். அன்னிக்கு யாரு வரப் போறாங்கன்னு. புதன்கிழமைக்கு நெறைய கருத்து இருக்குதுன்னு அவங்களே ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க போல."

"இவன்கிட்ட இன்னா வேலை உனக்கு?"

டீயோடு வந்த தோம்பா, தன்னைப் பற்றித்தான் கேட்கிறான் என்று புரிந்து, சட்டைப் பையிலிருந்து விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டை எடுத்து மேசையில் வைத்தான். "பதினாறு எபிசோட் இருக்குக்கா. கடைசில அழுகை இல்ல. நல்ல முடிவு" என்று சொல்லிவிட்டு, லாரிக்காரர் ஒருவர் கூப்பிட ஓடினான்.

"அவங்க ஊர்ல டிவி முழுக்கக் கொரியா நாடகந்தானாம். ஹார்டு டிஸ்க்கு நெறைய வச்சிருக்கான்" என்றாள் டயானா. "எங்க வீட்டு நெட்டுல ஒண்ணு எறங்கறதுக்குள்ள விடிஞ்சிடும். ஷிஃபாதான் மொதல்ல இவனைக் கண்டுபிடிச்சா. என்கூடப் படிக்கிறாளே, அவ. கீழ ஓடற எழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் எனக்கு இங்கிலீஷே ஒழுங்கா வந்துச்சு, தெரியுமா?"

"இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாம் இல்ல? எதுக்குப் பொய்?"

டயானா டீயைத் தொடவில்லை.

"நிச்சயத்தன்னிக்கு ஷிஃபா பையில இவரு படம் ஒட்டியிருந்துச்சு. அதைப் பாத்துட்டு நீங்க இன்னா சொன்னீங்க? ‘இது ஆம்பளையா பொம்பளையா? இதையெல்லாம் பாக்கறதுக்கு மூளை கயண்டிருக்கணும்’னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரியே என் போன்ல இருந்த படத்தையெல்லாம் ஒரு மூலையில ஒளிச்சு வச்சேன். ஒளிக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது?"

அவன் அப்படிச் சொன்னது அவனுக்கே நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடியவன்தான் என்பது தெரிந்தது.

"தெரியாம சொல்லிட்டேன்."

"அது பரவால்ல. ஆனா ஒரு வார்த்தை என்னை நேரா கேட்டிருக்கலாமில்ல? என் தம்பிகிட்ட விசாரிச்சிருக்கீங்க. ஒளிஞ்சு வந்து இங்க உக்காந்திருக்கீங்க. இந்தப் பையனை அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? வேலை போயிருக்கும் அவனுக்கு." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு சாமியார் சொல்வாரு. எனக்கு ஒரு தடை தெரியுது. சொல்றதா வேணாமான்னு யோசிக்கறேன்."

"வண்டியில கொண்டுபோய் விடறேன்."

"பஸ்ஸு வருது" என்று எழுந்து போய்விட்டாள். பஸ் இன்னும் வரவில்லை. அவள் வெயிலில் நின்றதை அவன் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் நிற்கத் துணிவு வந்தபோது பஸ் உண்மையிலேயே வந்துவிட்டது.

வீட்டில் அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "விசாரிச்சியா?"

தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும். டயானா சொன்ன பொய்யையே அவனும் சொல்வான், கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து காப்பாற்றுவார்கள். அப்படி ஒளித்து வைத்தே ஒரு குடித்தனத்தைத் தொடங்குவதா? அவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நிச்சயத்தன்று தான் பேசியதையும் விடவில்லை.

அம்மாவின் கை நின்றது. "கொரியாவா? யாரை ஏமாத்தறா? போனைப் போடு. அவ வாயால கேக்கறேன்."

அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"இந்தாம்மா டயானா, அத்தை பேசறேன். அந்த மிக்கேலை நீ நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லீங்க அத்தை."

"பேசியிருக்கியா?"

"எப்படீங்க அத்தை? அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது."

"கோயில் பாட்டு பாடறவனா?"

"இல்லீங்க. வேற பாட்டு."

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் முழுதாக நம்பவில்லை என்பது தெரிந்தது. "உங்க அம்மாவுக்குத் தெரியுமா இது?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி எட்டரைக்கு மேல அவங்களும் கூட ஒக்காந்து பாப்பாங்க அத்தை. நான் கதை சொல்லிக்கினே இருக்கணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளன் பார்க்கிறான் என்று அடக்கிக்கொண்டாள். "சரி. ஊரு பேர் தெரியாத எவளோ பெத்த புள்ளைக்கு வேண்டிக்கினா பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா கோயில்ல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, அதுதான் எனக்கு ஆறல. ஞாயித்துக்கிழமை நீ இங்க வா. வந்து என் பக்கத்துல ஒக்காரு. ஓலை வாசிக்கும்போது எவ திரும்பறான்னு நான் பாக்கறேன்."

வளன் போனை இன்னும் கிட்டே நகர்த்தினான்.

"அவரு பக்கத்துல இருக்காருங்களா அத்தை?"

"இருக்கான். திருடன் மாதிரி முழிச்சிக்கினு இருக்கான்."

"நான் வர்றேன். ஆனா உங்களுக்காகத்தான் வர்றேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க."

"கேட்டுச்சாடா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சு" என்றான் வளன். "எத்தனை மணி பஸ்ஸுன்னு கேளும்மா. ஸ்டாண்டுல போய் நிக்கறேன்."