முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவே

நல்லுசாமி மச்சான் இரண்டு துண்டுப் பலகைகளில் வெட்டிய நாலு நாலு பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மரக் கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டி, பெட்டி மூலைபோல நின்றதைத் தலைக்குமேல் தூக்கிப் பட்டறை முழுவதற்கும் காட்டினார். பிறகு அதைத் தரையில் போட்டு மேலே ஏறி நின்றார். அசையவில்லை. பதினோரு ஆசாரிகளும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர்கள் மூலையைப் பார்த்தார்கள், நான் பற்களின் ஓரத்தைப் பார்த்தேன். இலவம் பலகையின் மெத்தென்ற நார் ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் நசுங்கிப் பளபளத்தது. சரியான அளவில் போன பல் அப்படி நசுங்காது. பல் வெட்டும் வண்டியில் அளவுக்காக அறைந்த முளை, ரம்பத்திலிருந்து மயிரளவு தள்ளி நிற்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு சனிக்கிழமை. நான் வாயைத் திறக்கவில்லை.

அரியலூர் ரயிலடிக்கு மேற்கே இருந்தது பட்டறை. லப்பைக்குடிகாட்டுக் காதர் பாட்சா அதன் முதலாளி. சண்டை நடந்துகொண்டிருந்த காலம், நாற்பத்து மூன்றாம் வருஷம். பட்டாளத்துச் சாமான்கள் அனுப்ப மரப்பெட்டி வேண்டும் என்று அவருக்கு ஆர்டர் வந்திருந்தது. ஆணி கிடைக்காத காலம், ஆகையால் மூலைகளைப் பல்லுக்குப் பல் கோக்க வேண்டும், ஒரு மூலைக்குப் பன்னிரண்டு பல். உளியால் வெட்டினால் ஓர் ஆசாரிக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி தேறாது. அந்த வேகத்தில் போனால், பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிப் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பெட்டி போய்ச் சேரும். ஆயில் இஞ்சினில் ஓடும் வட்ட ரம்பம் ஒன்று பட்டறையில் இருந்தது. அதன்மேல் முன்னும் பின்னும் தள்ளுகிறமாதிரி ஒரு சட்டம் செய்து பல் வெட்டலாம் என்று முடிவாயிற்று. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பல்வண்டி.

கேட்டால் சின்ன விஷயம்தான். ரம்பம் அரை அங்குலத்துக்கு ஒரு குழி வெட்டும். ரம்பத்துக்குப் பக்கத்தில், வண்டியில், அதே அரை அங்குலத்துக்கு ஒரு முளை நிற்கும். வெட்டிய குழியைத் தூக்கி முளையில் மாட்டி வண்டியைத் தள்ளினால் அடுத்த குழி விழும். அதைத் தூக்கி மாட்டினால் அதற்கடுத்தது. குழியின் அகலம், முளையின் அகலம், முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவே உள்ள இடம், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதில் மயிரளவு பிசகினால் ஒவ்வொரு பல்லும் அதன் குழியைவிட மயிரளவு பருக்கும். நாலு பல் என்றால் மரம் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பல்லுக்கு எந்த மரமும் பொறுக்காது.

மச்சானுக்கு இது தெரியாமல் போனதற்கு அவர் மட்டமான வேலைக்காரர் என்று காரணம் சொல்ல முடியாது. அவரைப்போல் கதவு நிலை கூட்டுகிறவன் பெரம்பலூர் சீமையிலேயே கிடையாது. அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொருத்துக்கும் அளவெடுத்துவிட்டு, "வளரட்டும்" என்று சொல்லி ஒரு மயிரிழை வெளியே தள்ளித்தான் கோடு போடுவார்கள். ஒரு துளை, அதற்குள் நுழைய ஒரு கழுந்து என்று இருக்கும் நிலைக்கதவுக்கு அது உயிர். இறுகிப் பிடித்துக்கொண்டு நாலு தலைமுறைக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய் மதுரகாளியைக் கும்பிட்டுவிட்டு வந்து, சனிக்கிழமை முளையை அறையும்போதும் மச்சான் "வளரட்டும்" என்றுதான் அறைந்தார். என் காதால் கேட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவி ஜெகதாம்பாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். திருச்சியில் ஒரு மர மில்லில் நான் மிஷின் ரம்பத்தில் நின்றவன். இந்தப் பல்வண்டி போன்ற ஒன்றை அங்கே இரண்டு வருஷம் தள்ளியிருக்கிறேன். மில்லை மூடினார்கள். சிங்காரவேலு ஆசாரியாகிய நான் பெண்டாட்டியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். "ஒரு மாசம்" என்று சொல்லிக்கொண்டு வந்தது, மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே அடுப்பு, ஒரே உலை. என் பெண்கள் இரண்டாவது முறை சோறு கேட்பதற்கு முன் அத்தை முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அந்தப் பார்வையைக் கண்டால் நான் பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிடுவேன். பட்டறை மேஸ்திரிக்கென்று காம்பவுண்டுக்குள் இரண்டு செங்கல் அறைகள் உண்டு. மேஸ்திரியான மச்சானுக்குச் சொந்த வீடு இருந்ததால் அவற்றில் பழைய வண்டிச் சக்கரங்களைப் போட்டு வைத்திருந்தார். நான் போகவர அந்த அறைகளைப் பார்ப்பேன். அடுப்பு எந்த மூலையில் வைக்கலாம் என்று யோசிப்பேன். கேட்டதில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஜன்னல் சட்டத்தில் அவர் போட்ட கணக்குப் பிசகியதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, சோறு போடுறவனுக்கே அளவு சொல்லித் தர்றியா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். அவர் அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று கெளுத்தி மீன் வாங்கி வந்தார். நான் அந்த மீனைத் தின்றேன். மறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது, ஜெகதா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "இதுல எந்தக் குண்டான் நம்மளுது?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, ஒரு வெண்கலக் குண்டானையும் இரண்டு செம்பையும் தொட்டுக் காட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை வெட்டு ஆரம்பித்தது. மிஷினில் பழக்கப்பட்ட ஆள் நான்தான் என்று மச்சான் என்னையே ரம்பத்தில் நிறுத்தினார். இதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. பெட்டிக்கென்று வந்திருந்த, இலவத்தைவிடக் கெட்டியான மாம்பலகைகளை வேறொருவன் வெட்டி, நான் தூரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், சும்மா இருந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். என் கையால்தான் தள்ளினேன். ஒவ்வொரு குழியையும் தூக்கி முளையில் மாட்டும்போது அந்த மயிரிழை விரல் நுனியில் தெரியும். முளையைத் தட்டி நகர்த்த ஒரு நிமிஷம் போதும். தூள் பறந்துகொண்டிருந்தது. மச்சான் வந்து, தன் தோள் துண்டை எடுத்து என் மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"தூளு நெஞ்சுக்குள்ள போயிடும் மாப்ள. ரெண்டு பொட்டப் புள்ளைவ இருக்குது ஒனக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது, சத்தியமாக வந்தது. பக்கத்தில் இருந்த ராசாங்கம் ஆசாரி, "மாப்பிள்ளைக்கு முகமூடியா, ராவு வேலைக்குக் கெளம்புறாப்ல இருக்கு" என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நான் அடுத்த பலகையை எடுத்து மாட்டினேன்.

ஒரு பெட்டியை அன்றைக்கே கூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி. அந்த இரண்டு நாளும் மரத்தோடு மரம் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குள் பேச்சே இல்லாத கட்டுப்பாடு. திங்கட்கிழமை வெட்டு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வெட்டலாம், சேர்க்கக் கூடாது. ஆகவே மூன்று நாளும் வெட்டிக்கொண்டே இருந்தோம். வியாழக்கிழமை காலையில் அறுநூறு பலகை பல்லோடு அடுக்கியிருந்தது.

வியாழக்கிழமை மச்சான் குளித்து, விபூதி பூசி, முதல் பெட்டியை அவரே கூட்ட உட்கார்ந்தார். நாலு பல் இறங்கியது. ஐந்தாவது முரண்டியது. ஓங்கித் தட்டினார். எட்டாவது பல்லில் பலகை மேலிருந்து கீழ்வரை விறகுபோலப் பிளந்தது. கெட்ட பலகை என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தார். அதுவும் பிளந்தது. பத்தாவது பலகைக்குப் பிறகு கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பல்லை எடுத்துக் குழிமேல் வைத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

காதர் பாட்சா கத்துகிற மனிதர் இல்லை. பர்மிட் வாங்கி வரவழைத்த மரம் அது, திரும்பக் கிடைக்காது. அடுக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

"அல்லா விட்ட வழி. மிச்சம் எரநூறு பலகை இருக்கு. இந்த வண்டிய சரிபண்ணத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்கீங்களா?"

நான் முன்னால் போனேன். முளையைக் கழற்றி, வெட்டிய குழியில் அதை விட்டுப் பார்த்து, அதே கனத்துக்கு ஒரு சில்லுச் செதுக்கி, ரம்பத்துக்கும் முளைக்கும் நடுவே அதைக் கொடுத்து ஒட்டி அறைந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு பல் வெட்டிக் கோத்தேன். கையால் அழுத்தவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. முதலாளி அந்த மூலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பாமலே, "இனிமே மேஸ்திரி வேலைய சிங்காரவேலு பாக்கட்டும்" என்றார்.

மச்சான் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டு ஆளுதாங்க முதலாளி. மானத்தக் காப்பாத்திட்டான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த இரண்டு அறைகளிலிருந்தும் வண்டிச் சக்கரங்களை அவரே உருட்டி வெளியே போட்டார். சுண்ணாம்பு அடிக்கும்போது சொன்னார்.

"இது வேணும்னு இருந்தா முன்னாடியே கேட்டிருக்கலாமே மாப்ள. சும்மாத்தானே கெடந்துச்சு. கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

நாங்கள் குடிவந்த அன்று ஜெகதா தனி அடுப்பில் பால் காய்ச்சினாள். பெண்கள் இரண்டும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், வேண்டுமட்டும் கேட்டு வாங்கிக் குடித்தன. இதற்காகத்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பெண்கள் வெளியே ஓடிய பிறகு, அவள் குண்டானை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"பலகை பொளந்தது வியாழக்கிழமை."

"ஆமா."

"எந்தக் குண்டான் நம்மளுதுன்னு எங்கிட்ட நீங்க கேட்டது சனிக்கிழமை."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நான் அண்ணங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்களே சொல்லுங்க. என்னைக்காச்சும் சொல்லுங்க." அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள். ஆனால் மச்சான் என்னிடம் பேச வரும்போதெல்லாம், செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நிற்கிறாள்.

மச்சான் இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறார். அவருக்கு அவர் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஒரு கட்டில் கால் அறுக்க மூன்று முறை அளக்கிறார், பிறகு கைரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடுகிறார். ராசாங்கம் சிரிக்கிறான். நான் அதட்டினால் மற்றவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். "மாப்ள" என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் எல்லோரையும்போல "மேஸ்திரி" என்றார், "ங்க" போட்டார். அப்படியே நின்றுவிட்டது.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். நேற்று மத்தியானம், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மணைப்பலகை இரண்டுக்கும் மரம் அறுத்து எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். பதினைந்து வயதிலிருந்து மணைப்பலகை செய்கிறவர். பலகை இரண்டையும் தரையில் வைத்து, பக்கத்தில் என் அளவுகோலையும் எடுத்து வைத்தார்.

"ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க மேஸ்திரி. ரெண்டும் ஒரே அளவா இருக்கான்னு."

பார்க்கும்போதே தெரிந்தது. பிசிறில்லாத வேலை. "சரியாத்தான் இருக்கு மச்சான்" என்றேன்.

"அளந்து பாத்துருங்க. என் கண்ண நம்பி வுட்டா நல்ல காரியத்துல ஏதாச்சும் ஆயிடும்."

நிலைப்படியில் ஜெகதா வந்து நின்றாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பலகைக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, அளவுகோலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். நான் இந்தப் பக்கம் குனிந்தேன். இரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. சொல்வதென்றால், சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் பலகை ஓரத்தில் கோலைச் சேர்த்து அளந்தேன். அவர் விரல் வழுக்கி, கோல் நகர்ந்துவிட்டது. சட்டென்று மறுபடியும் சரியாக வைத்து இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி."